வில்காயாக்கு எலியின் வாழிடம்

எலிகள் மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இருபத்தெட்டு வருடம் அவற்றோடு ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறேன். ஒருநாள்கூட அவை என்னிடம் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. எல்லாம் செத்த எலிகள் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

தமிழில் வாக்குமூலம் கொடுக்கலாமா என்று கேட்டதும் அருங்காட்சியகக்காரர்கள் உங்களைத் தேடிப்பிடித்து அனுப்பியிருக்கிறார்கள், தக்ஷினி. அவர்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். பிரெஞ்சில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. வாயைத் திறந்தால் முதலில் மன்னிப்புத்தான் வருகிறது. பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்தாலும் நான்தான் மன்னிப்புக் கேட்பேன். விசாரணைக்கு அது சரிவராது. தமிழில் அப்படியில்லை. தமிழில் நான் யோசித்துத்தான் மன்னிப்புக் கேட்பேன். பெரும்பாலும் யோசித்து முடிப்பதற்குள் தேவையில்லாமல் போய்விடும்.

உங்கள் போன் பதிவுசெய்கிறதா? சரி. என் பெயர் உருத்திரமூர்த்தி. பிறந்தது திருகோணமலை. வயது அறுபத்திரண்டு. இந்த மொன்றியலின் சென்ட் லோரன்ட்டில், பழைய பெயின்ட் தொழிற்சாலைக் கட்டடத்தில் இருக்கும் அருங்காட்சியகக் களஞ்சியத்தில் வேலை. மக்கள் பார்க்க வருகிற இடம் அல்ல அது. பார்க்க வைக்காதவற்றைப் பூட்டி வைத்திருக்கிற இடம். பதினோராயிரம் மண்டையோடுகள். எல்லாம் கொறித்துத் தின்னும் விலங்குகள். அதில் பாதிக்கு மேல் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை.

நான் அங்கே சேர்ந்தது வண்டு பார்க்க. உங்களுக்கு இது புதிதாக இருக்கும். மண்டையோட்டில் ஒட்டியிருக்கும் காய்ந்த இறைச்சியைச் சுரண்டி எடுத்தால் எலும்பு உடைந்துவிடும். அதனால் கண்ணாடித் தொட்டியில் ஒருவகை வண்டுகளை வளர்ப்பார்கள். தலையை உள்ளே வைத்தால் அவை தின்று தீர்த்து, எலும்பைப் பளிங்கு மாதிரித் திருப்பித் தரும். இரண்டு வருடம் வண்டு. பிறகு லேபல் எழுதக் கொடுத்தார்கள். பிறகு சாவி. படித்தது திருகோணமலையில், பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பான ஏ.எல். விலங்கியல்வரைக்கும்தான். மிச்சத்தை அலமாரி இழுப்பறைகளை, எங்கள் பேச்சில் லாச்சிகளை, இழுத்து இழுத்தே படித்துக்கொண்டேன்.

என்ன படித்தேன் என்றால், தென் அமெரிக்கா மிக நீண்ட காலம் தனித் தீவாகக் கிடந்தது. அங்கே முதலில் வந்து சேர்ந்த கொறிவிலங்குகள் நாலு கோடி வருடத்துக்கு முன்னே ஆப்பிரிக்காவிலிருந்து கடலில் வந்தவை என்கிறார்கள். வெள்ளம் பெயர்த்துக்கொண்டு போன மரங்களில் தொற்றிக்கொண்டு, யாரையும் கேட்காமல். கினிப்பன்றி, கப்பிபாரா, சின்சில்லா எல்லாம் அந்தப் பரம்பரை. வெகுகாலம் கழித்து வடக்கிலிருந்து வேறு எலிகள் மத்திய அமெரிக்கா வழியாக இறங்கி வந்தன. வந்து கொஞ்சக் காலத்திலேயே நானூறு இனமாகப் பெருகி, மலையும் சமவெளியுமாகப் பிடித்துக்கொண்டன.

இரண்டையும் பிரித்து அறிய ஒரு சுலபமான வழி உண்டு. கீழ்த்தாடையைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். கடலால் வந்த கூட்டத்துக்குத் தாடையின் பின்மூலை வெளிப்பக்கமாக விரிந்து நிற்கும். தரையால் வந்ததுகளுக்கு நேராக இருக்கும். கோடி வருடம் கழிந்தாலும் வந்த வழி தாடையில் தெரியும்.

நானும் கடலால் வந்தவன்தான். எண்பத்தாறில், அத்திலாந்திக்கில், ஒரு படகில். அதை இங்கே விவரிக்கவில்லை; என் தாடை நேராகத்தான் இருக்கிறது.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, தரைவழி வந்த எலிகளின் லாச்சி ஒன்றில் விரிந்த தாடை ஒன்றைக் கண்டேன். ஒரு மண்டையோடு, ஒரு கீழ்த்தாடை, ஒரு பழைய லேபல். பெரு நாட்டில் வில்காயாக்கு என்ற பள்ளத்தாக்கில், 1938இல், ஒரு பாதிரியார் சுட்டது. எழுபது வருடமாகத் தவறான குடும்பத்தோடு படுத்துக் கிடந்திருக்கிறது. சின்சில்லா எலி என்று ஒரு சிறு குடும்பம் உண்டு. அதைச் சேர்ந்தது என்று பல்லைப் பார்த்ததும் தெரிந்தது. ஆனால் தெரிந்த சின்சில்லா எலி எதனுடைய பல்லும் அப்படியில்லை. ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே வைத்தேன்: 'இது இந்த இடத்துக்குரியதல்ல. யாராவது பாருங்கள். உ.மூ.'

யாரும் பார்க்கவில்லை. பதின்மூன்று வருடம்.

பார்த்தது மாதுரி. இங்கேயே நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் வளர்ந்த பிள்ளை. அப்பா ரவிசங்கர் சென்னையிலிருந்து வந்த பொறியியல் பேராசிரியர். முனைவர் பட்டம் முடித்துவிட்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் எங்களிடம் வந்தாள். முதல் வாரமே அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு ஓடிவந்தாள்.

"அங்கிள், இதை எழுதினது யாரு?"

"நான்தான்."

"நீங்களா? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தாடையைப் பார்த்தனான்."

"அங்கிள், இது புது இனம். உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம்."

அவள் சிரித்தாள். "நீங்க ஓம்னு சொல்றப்போ கோயிலுக்குள்ள வந்த மாதிரியே இருக்கு அங்கிள்."

அவ்வளவு நல்ல பிள்ளை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் நாங்கள் சேர்ந்து வேலை செய்தோம். பல்லை அளந்தோம். மற்ற அருங்காட்சியகங்களிலிருந்து மண்டையோடுகளை வரவழைத்து ஒப்பிட்டோம். அவள் இரண்டு முறை பெருவுக்குப் போனாள். சுற்றியுள்ள மலைகளையெல்லாம் தேடிவிட்டு, அந்த ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருப்பதைக் கண்டுபிடித்தாள். மூன்று எலிகளைக் கூண்டில் பிடித்து, படமெடுத்து, காது விளிம்பில் அரிசியளவு துண்டு வெட்டிக்கொண்டு விட்டுவிட்டாள். கொல்ல மனம் வரவில்லையாம். அந்த மூன்று துண்டும் மூன்று சிறு டியூப்பில், சாராயத்தில் ஊறி, என் குளிர்பெட்டிக்கு வந்தன.

இன்னொரு விஷயத்தையும் சொல்லவேண்டும். அந்தப் பள்ளத்தாக்கின் மேலே ஒரு தாமிரச் சுரங்கம் வருவதாக இருந்தது. அதன் கழிவுச் சேற்றைத் தேக்க அணை கட்டத் தோதான இடம் வில்காயாக்குதான். வேறெங்கும் இல்லாத ஓர் உயிர் அங்கே இருக்கிறது என்று நிரூபித்தால் அணை வேறிடத்துக்குப் போகும். ஜூன் பன்னிரண்டாம் திகதிக்கு முன் ஆதாரம் வேண்டும். படம் போதாது, படத்தை இப்போது யார் நம்புகிறார்கள்? மண்டையோடும் மரபணுவும் வேண்டும்.

பெப்ரவரியில் ஒருநாள் மாதுரியின் மேசையில் அச்சடித்த தாள் சில கிடந்தன. எங்கள் எலியைப் பற்றியவை. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தாள். 'அலமாரிகளைத் திறந்து உதவிய திரு. மூர்த்திக்கு.'

எனக்குக் கோபம் வரவில்லை. நான் கோபப்படுகிற ஆள் இல்லை. யாரையும் கேட்டுப் பாருங்கள். மற்றப் பக்கங்களையும் புரட்டினேன். கண்டுபிடித்தவர்கள் வரிசையில் என் பெயர் இல்லை. 'பாதிரியார் இன்னார் சுட்ட எலி' என்று பாதிரியாரின் பெயர் மட்டும் நான்கு இடத்தில் இருந்தது. அவர் அதைச் சுட்டார். நான்கு இடத்தில் வந்தார். நான் அதைக் கண்டேன். ஒரு கதவைத் திறந்தவனாக வந்தேன்.

வீட்டில் றோஸ்மேரியிடம் சொன்னேன். என் மனைவி, ஒரு கார்டெறியில் முப்பது வருடமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அலுமாரி திறந்ததுக்கு நன்றி எண்டா போட்டிருக்கு?"

"ஓம்."

"சரிதானே. நீங்க அலுமாரியத்தானே திறக்கிறீங்க."

அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். அன்று கறி நன்றாயிருந்தது என்பதும் நினைவிருக்கிறது.

அடுத்த நாள் அந்த மூன்று டியூப்பையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டியிருந்தது. பார்சல் கட்டுவது என் பொறுப்பு. எங்கள் குளிர்பெட்டியில் சாம்பல் சின்சில்லா எலி ஒன்றின் உடல் இருந்தது. ஆண்டிஸ் மலை முழுக்க அறியப்பட்ட சாதாரண இனம். அதன் காதில் மூன்று துண்டு வெட்டி, மாதுரியின் டியூப்களில் போட்டு அனுப்பினேன். ஐந்து நிமிட வேலை. லேபலை மாற்றக்கூட இல்லை. ஒரு லேபலையும் நான் பொய்யாக எழுதவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அது ஒரு விளையாட்டு. என் எண்ணம் இதுதான்: ஆறு வாரத்தில் முடிவு வரும். அவள் குழம்பிப்போய் என்னிடம் ஓடிவருவாள், 'அங்கிள், என்ன ஆச்சு?' என்று. நான் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டு, 'டியூப் மாறியிருக்கலாம் பிள்ளை, பார்ப்பம்' என்பேன். எல்லாம் சரியாகிவிடும். யார் இல்லாமல் எது நடக்காது என்பதும் தெரிந்துவிடும்.

அசல் துண்டுகளா? அவற்றைக் கழுவிக் காயவைத்து வண்டுத் தொட்டிக்குள் வைத்தேன். மத்தியானத்துக்குள் முடித்துவிட்டன.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? கேளுங்கள், கேட்பதற்குத்தானே வந்திருக்கிறீர்கள்.

"ஐயா, அசலை வண்டுக்குக் குடுத்திட்டால், பேந்து எப்பிடித் திருத்தலாம் எண்டு நினைச்சனீங்கள்?"

நல்ல கேள்வி. இரண்டு வருடமாக இதை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்ததுக்குப் போவோம்.

ஏப்ரலில் முடிவு வந்தது. மூன்று துண்டும் சாம்பல் சின்சில்லா எலி, சந்தேகமில்லை. மாதுரி ஓடிவரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் அறைக்குள்ளேயே இருந்தாள். நான் வெளியே தேநீர் வைத்துவிட்டு வந்தேன். அது ஆறிப்போய் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் மிகவும் அமைதியாக வந்து, பழைய மண்டையோட்டை எடுத்துத் தரச் சொன்னாள். அதன் பல்லில் ஒரு துளை போட்டு மரபணு எடுத்துப் பார்க்கப்போகிறாளாம்.

அங்கேதான் எனக்குச் சிறு சங்கடம். பல்லில் துளை போட்டால் முடிவு வேறாக வரும். வேறாக வந்தால், டியூப்பைக் கையாண்டவர்கள் யார் என்று கேட்பார்கள். கையாண்டவர்கள் இரண்டே பேர். அதனால் மண்டையோட்டை எடுத்து வேறொரு லாச்சியில் வைத்தேன். கியூபெக் கஸ்தூரி எலிகள், நானூற்றுப் பன்னிரண்டு மண்டையோடுகள், வாசலுக்கு எதிர்க்கோடி. என் காலத்தில் அதை யாரும் திறந்ததில்லை. உடைக்கவில்லை, எறியவில்லை, வண்டுக்குக் கொடுக்கவில்லை. பஞ்சு சுற்றி ஒழுங்காக வைத்தேன். ஆனால் பதினோராயிரத்தில் ஒன்றை வேறு லாச்சியில் வைப்பதும் சென் லோரன்ஸ் ஆற்றில் போடுவதும் ஒன்றுதான். இது என் தொழில், எனக்குத் தெரியும்.

இரண்டு பேருமாகத் தேடினோம். ஒன்பது நாள். அவள் ஒருபக்கம், நான் ஒருபக்கம். கஸ்தூரி எலிப் பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

மண்டையோடு இல்லை, மரபணு பொருந்தவில்லை, மறுபடி பெருவுக்குப் போகக் காசும் இல்லை. பள்ளத்தாக்கில் பிடித்ததாகச் சொன்னதே உண்மையா என்று மேலிடத்தில் கேட்கத் தொடங்கினார்கள். நான் அப்படி ஒருபோதும் கேட்கவில்லை. என்னை விசாரித்தபோது, மாதுரி கவனமான பிள்ளை, ஆனால் வேலைப்பளு அதிகம் என்று சொன்னேன். இரண்டும் உண்மை.

மே மாதம் இருபத்தைந்தாம் திகதி அவள் என் மேசைக்கு வந்தாள். கையில் மைசூர்பாகு டப்பா. கண் வீங்கியிருந்தது.

"சாரி அங்கிள். உங்களுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லாமலே வச்சிருந்தேன். இப்போ எல்லாமே என்னால வீணாப் போச்சு."

கட்டுரையின் உண்மைப் பிரதியை நீட்டினாள். பெப்ரவரியில் நான் பார்த்தது நிதி கொடுத்தவர்களுக்கான அறிக்கையாம். அந்த நன்றி வரி போன வருட அறிக்கையிலிருந்து அப்படியே ஒட்டிக்கொண்டு வந்ததாம். இதில் கண்டுபிடித்தவர்கள் இரண்டே பேர்: அவளும் நானும். என் பெயர் முழுதாக, 'உ'வோடு. எலிக்கு வைத்திருந்த லத்தீன் பெயரும் என் பெயர்தான்; வாலில் ஒரு 'ஐ' மட்டும் சேர்த்திருந்தாள்.

"பதிமூணு வருஷம் அதுக்காக வெயிட் பண்ணினவர் நீங்கதானே அங்கிள்" என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஏன் மறைக்கவேண்டும்? ஒரு மைசூர்பாகு எடுத்துக்கொண்டேன். அவள் அழுதாள். "அழாதேங்கோ பிள்ளை, பிழை யாருக்கும் வாறதுதான்" என்றேன். நான் அவளை முழுமனதோடு மன்னித்துவிட்டேன் என்றும் சொன்னேன். அது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

ஜூன் பன்னிரண்டுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. ஆமாம், எண்ணிப் பார்த்தேன். எழுந்து நாற்பது அடி நடந்து, கஸ்தூரி எலி லாச்சியை இழுத்திருந்தால் போதும். பல்லில் துளை போட்டு, அவசரம் என்று கேட்டால் முடிவு வர ஒரு வாரம்.

அந்தப் பதினெட்டு நாளும் நான் சும்மா இருக்கவில்லை, நிறைய யோசித்தேன். நடந்ததைச் சொன்னால் என்ன ஆகும்? எலி பிழைக்கும். ஆனால் அந்த எலியின் பெயர் இப்போது என் பெயர். உலகத்தில் எங்கே யார் அதைப் படித்தாலும், 'ஓ, அந்தத் தில்லுமுல்லு எலியா?' என்பார்கள். ஒரு பாவமும் அறியாத பிராணிக்கு அப்படி ஒரு களங்கம் வரலாமா? அதன் பெயரைக் காப்பாற்றவேண்டிய கடமை வேறு யாருக்கு இருந்தது?

ஜூன் பன்னிரண்டு வந்து போனது. போன வருடம் அணையைக் கட்டி முடித்துச் சேற்றைத் திறந்துவிட்டார்கள். படம் இணையத்தில் இருக்கிறது. பள்ளத்தாக்கு நிறையச் செம்மண் நிறத்தில் சேறு. தூரத்தில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. மாதுரியின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. இப்போது அப்பா வீட்டில் இருந்துகொண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் சொல்லிக் கொடுக்கிறாள். தீபாவளிக்கு எனக்குச் செய்தி அனுப்புவாள். கடைசியில் ஒவ்வொரு முறையும் 'சாரி அங்கிள்' என்றிருக்கும். நானும் ஒவ்வொரு முறையும் மன்னிப்பேன்.

இன்று நானாகத்தான் வந்தேன். போன செவ்வாய்க்கிழமை எல்லா லாச்சிகளையும் ஸ்கேன் செய்ய வந்தவர்கள், கஸ்தூரி எலிகளுக்கு நடுவே விரிந்த தாடை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள் என்பது உண்மை. பஞ்சில் சுற்றும் முறை என்னுடையது என்று பார்த்தவுடனே சொல்லிவிட்டார்களாம். வியாழக்கிழமை விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது என்பதும் உண்மை. ஆனாலும் வந்தது நானாகத்தான். மெட்ரோ எடுத்து, கோட்-வெர்ச்சூவில் இறங்கி, என் காலால் நடந்து வந்தேன்.

ஆக, டியூப்பை மாற்றியது நான். மண்டையோட்டை ஒளித்தது நான். பிள்ளையின் பெயரைக் கெடுத்தது நான். அணை எங்கே வரும் என்று தெரிந்துகொண்டே பேசாமல் இருந்ததும் நான். இவ்வளவும் சொல்லிவிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

என்ன கேட்டீர்கள்? அந்தப் பள்ளத்தாக்குக்கு வெளியே அது எங்காவது மிச்சம் இருக்குமா என்றா? இருக்காது. மாதுரி சுற்றியுள்ள மலையெல்லாம் தேடியிருக்கிறாள். அவள் வேலையில் பிழை இருக்காது, தக்ஷினி.

ஒன்றே ஒன்று. இனி யாராவது அந்த எலியைப் பற்றி எழுதினால், வாழிடம் என்ற இடத்தில் பெரு என்று போட்டுவிடுவார்கள். அது சரியல்ல. அங்கே இப்போது அது இல்லை. தென் அமெரிக்காவின் அத்தனை கொறிவிலங்குகளிலும் மொன்றியலை மட்டுமே வாழிடமாகக் கொண்டது இது ஒன்றுதான். லாச்சிக்குள் பத்திரமாக இருக்கிறது, நனையாமல், பூச்சி அரிக்காமல். அதை இங்கே வைத்துக் காப்பாற்றியது யார் என்பதையும் ஒரு வரி போடச் சொல்லுங்கள்.